பாட்டியின் இன்னொரு பெயர்: துருக்கி–ஆர்மீனியக் குடும்ப ரகசிய நாவல்களை வாசிக்கும் முன்

2018 பிப்ரவரி 8-ஆம் தேதி துருக்கி அரசு தன் இணையச் சேவைத் தளத்தில் ஒரு புது வசதியைத் திறந்துவிட்டது. குடிமக்கள் தங்கள் கணக்கில் நுழைந்து கேட்டால் போதும். தாத்தா, பூட்டன், ஓட்டன் என்று பதிவேட்டில் உள்ளவரை வம்சாவளி திரையில் வந்து நிற்கும். சிலருக்கு 1800-களின் தொடக்கம் வரைகூடப் போனது. திறந்த சில மணி நேரத்திலேயே கூட்டம் தாங்காமல் தளம் படுத்துவிட்டது. ஆறு நாள் கழித்துத்தான் மறுபடி எழுந்தது.

வம்சாவளி பார்க்கும் ஆசை எல்லா நாட்டிலும் உண்டு. துருக்கியில் அந்த ஆசைக்குள் ஒரு சந்தேகமும் சேர்ந்திருந்தது. ‘நம்ம பாட்டி பிறப்பால வேற ஆளுங்களாமே…’ என்று பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்ட வீடுகள் அங்கே நிறைய. ஆர்மீனியர், கிரேக்கர், ஜார்ஜியர் என்று எதிர்பாராத வேர்களைக் கண்டு திகைத்தவர்களின் கதைகள் அப்போது செய்திகளில் வந்தன.

அந்தப் பாதி வாக்கியத்தை முழுசாக்க முயலும் நாவல்கள் ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. பொதுவான அமைப்பு இதுதான்: துருக்கியில் ஒரு குடும்பம், அமெரிக்காவில் ஓர் ஆர்மீனியக் குடும்பம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். பின்னோக்கிப் போகப் போக, 1915-க்குப் பக்கத்தில், ஒரே ஒரு பெண்ணிடம் இரண்டு வம்சமும் வந்து முட்டும். இதில் அதிகம் பேசப்பட்டது துருக்கிய எழுத்தாளர் எலிஃப் ஷஃபாக் எழுதிய ‘தி பாஸ்டர்ட் ஆஃப் இஸ்தான்புல்’. அவர் அதை ஆங்கிலத்தில் எழுதினார். ஆனால் 2006-இல் முதலில் வெளிவந்தது துருக்கி மொழிபெயர்ப்புதான். ஆலின் ஒஹனேசியன் 2015-இல் வெளியிட்ட ‘ஓர்ஹான்ஸ் இன்ஹெரிட்டன்ஸ்’ இன்னொன்று. அதில் துருக்கியத் தாத்தா சாயத் தொட்டியில் பிணமாகக் கிடப்பார். குடும்ப வீட்டை லாஸ் ஏஞ்சலஸ் முதியோர் இல்லத்தில் இருக்கும், யாரும் கேள்விப்படாத ஒரு கிழவிக்கு எழுதிவைத்திருப்பார்.

இப்படிச் சொன்னால் தொலைக்காட்சித் தொடர் மாதிரி இருக்கும். என் கட்சியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த நாவல்களில் வரும் ரகசியம், எழுத்தாளர்கள் கதையைச் சுவாரசியமாக்கக் கண்டுபிடித்த திருப்பம் இல்லை. அந்த நாட்டில் ஏராளமான வீடுகளில் உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது. அது எப்படி நடந்தது என்று தெரியாமல் வாசித்தால் நாவல் பாதிதான் புரியும். அதனால் முதலில் வரலாறு, அப்புறம் கதை.

யார் இந்த ஆர்மீனியர்கள்?

சென்னைக்காரர்களுக்கு ஆர்மீனியர் என்றதும் ஜார்ஜ் டவுனில் அவர்கள் பெயரில் உள்ள தெருவும், அங்கே 1772-இல் எழுந்த தேவாலயமும் ஞாபகம் வரலாம். உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையே 1794-இல் மதராஸில்தான் அச்சானது. ஆனால் இங்கே வந்தவர்கள் பெரும்பாலும் பாரசீகத்து ஜுல்ஃபாவிலிருந்து வந்த வணிகர்கள். நாவலில் வருகிறவர்கள் வேறு கிளை. இன்றைய துருக்கியின் நிலப்பரப்பான அனதோலியாவில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்த கிறிஸ்தவர்கள். விவசாயிகள், கொல்லர்கள், தையற்காரர்கள், நகரங்களில் மருத்துவர்கள், வங்கிக்காரர்கள், எழுத்தாளர்கள். துருக்கிக் குடியரசுக்கு முன்பு அந்த நிலத்தை ஆண்ட ஒட்டோமான் பேரரசின் குடிமக்கள். பக்கத்து வீடு துருக்கியருடையதாகவோ குர்துகளுடையதாகவோ இருக்கும்.

முதல் உலகப் போரில் ஒட்டோமான் பேரரசு ஜெர்மனியின் பக்கம் நின்று ரஷ்யாவோடு மோதியது. ஆர்மீனியர்கள் எல்லையின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஆட்சியில் இருந்த இளம் துருக்கியர் கட்சி அவர்களை எதிரியின் ஆட்கள் என்று முடிவுகட்டியது. 1915 ஏப்ரல் 24-ஆம் தேதி இரவு, தலைநகர் இஸ்தான்புல்லில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆர்மீனிய எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், அரசியல்வாதிகள், பாதிரியார்கள் கைதானார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பி வரவில்லை. தனியேல் வரூழான் என்ற கவிஞர் அந்தக் கோடைக்காலத்திலேயே கொல்லப்பட்டார். இசைமேதையான கோமிதாஸ் பாதிரியார் உயிரோடு திரும்பினார். மனம்தான் திரும்பவில்லை, கடைசிக் காலத்தைப் பாரிஸில் மனநல மருத்துவமனைகளில் கழித்தார்.

மே மாதக் கடைசியில் நாடுகடத்தல் சட்டம் வந்தது. ஊர் ஊராக ஆண்களைத் தனியே பிரித்துக் கொன்றார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்களைச் சிரியப் பாலைவனம் நோக்கி நடத்திக்கொண்டு போனார்கள். பசி, நோய், வழிப்பறி, படுகொலை. அந்தப் பாலைவனத்து ஊரான டெயிர் எஸ்ஸோர் வரை நடந்து சேர்ந்தவர்களிலும் பெரும்பகுதியினர் அங்கே மாண்டார்கள். இறந்தோர் எண்ணிக்கை பற்றிய மதிப்பீடுகள் 6 லட்சத்திலிருந்து 15 லட்சம் வரை போகின்றன. இனப்படுகொலை வரலாற்று அறிஞர்களில் மிகப் பெரும்பாலோர் இதை இனப்படுகொலை என்றே சொல்கிறார்கள். ஜெர்மனி 2016-இல் நாடாளுமன்றத் தீர்மானமாகவே அதைச் சொன்னது. அமெரிக்க அதிபர் 2021-இல் சொன்னார். துருக்கி அரசு ஏற்கவில்லை. போர்க்காலத்தில் இரு தரப்பிலும் நேர்ந்த இழப்பு என்பதுதான் அதன் நிலைப்பாடு.

நாவல் வாசிக்கிறவருக்கு இந்தக் கருத்து மோதல் வெறும் பின்னணித் தகவல் இல்லை. வெளியே பேசினால் வழக்கு வரும் என்ற நிலையில், ஒரு விஷயம் வீட்டுக்குள்ளும் பேசப்படாமல் போவது இயல்புதானே.

ரகசியம் எப்படித் தயாரானது

நடந்து போன அந்தக் கூட்டங்களிலிருந்து எல்லோரும் இறக்கவில்லை, எல்லோரும் வெளிநாட்டுக்கும் போகவில்லை. வழியில் உள்ள ஊர்களில் பெண்களையும் குழந்தைகளையும் முஸ்லிம் குடும்பங்கள் எடுத்துக்கொண்டன. இரக்கப்பட்டு ஒளித்துவைத்தவர்கள் உண்டு. வீட்டு வேலைக்கு எடுத்தவர்கள் உண்டு. கட்டாயக் கல்யாணம் செய்தவர்கள் உண்டு, விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. இந்த நான்கும் ஒரே வீட்டில் ஒரே பெண்ணுக்கு நடந்திருக்கவும் கூடும். இப்படி உள்வாங்கப்பட்டவர்கள் ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் பேர் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

ஏன் பெண்களும் குழந்தைகளும் மட்டும்? வம்சம் தகப்பன் வழி என்ற கணக்கு. பெண்ணின் பெயரையும் மதத்தையும் மாற்றிவிட்டால், அவள் பெறும் பிள்ளை துருக்கியப் பிள்ளைதான். அவளுடைய பழைய குலம் எந்தக் கணக்கிலும் வராது. சிறு குழந்தை என்றால் மொழியையே மறக்கவைத்துவிடலாம். லெபனானில் அந்தூரா என்ற இடத்தில் ஒட்டோமான் தளபதி ஜெமால் பாஷா நடத்திய அநாதை இல்லத்தில் இது திட்டமாகவே நடந்தது. சுமார் ஆயிரம் குழந்தைகள். ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு துருக்கியப் பெயர், கூடவே ஓர் எண். ஆர்மீனிய மொழியில் வாய் திறந்தால் அடி. போர் முடியும் தறுவாயில் நிவாரணப் பணியாளர்கள் அந்த இல்லத்தை ஏற்றுக்கொண்ட பிறகுதான் பழைய பெயர்கள் திரும்பக் கிடைத்தன.

கிராமத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு. டென்மார்க்கைச் சேர்ந்த காரன் யெப்பே என்ற பெண்மணி சிரியாவின் அலெப்போவில் நடத்திய மீட்பு இல்லத்துக்கு 1920-களில் தப்பி வந்தவர்களின் பதிவேடு இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு புகைப்படம், ஒரு சின்ன வாழ்க்கை. அங்கே போய்ச் சேராதவர்கள்தான் பிற்காலத்தில் ‘பாட்டி’ ஆனார்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 1923-இல் துருக்கிக் குடியரசு பிறந்தபோது, ‘அது ஒட்டோமான் காலம், இது புது நாடு’ என்று ஒரு கோடு விழுந்தது. 1928-இல் அரபு எழுத்துக்குப் பதில் லத்தீன் எழுத்து வந்தது. தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரனால் வாசிக்க முடியாது. கல்லறைக் கல்லில் உள்ளதையும் வாசிக்க முடியாது. 1934-இல் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. அவரவர் விருப்பத்துக்கு ஏதோ ஒரு பெயர். ஒருவர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் தடயங்கள் ஒவ்வொன்றாக இப்படி அழிந்தன. மறைக்க வேண்டும் என்று யாரும் மெனக்கெட வேண்டியதே இல்லை.

ஓர் உண்மைப் பாட்டி

நாவலுக்குப் போகும் முன் ஒரு நிஜக் கதை. ஃபெத்தியே செத்தின் துருக்கியில் பெயர் தெரிந்த வழக்கறிஞர். 1950-இல் கிழக்கே மாதென் என்ற சிற்றூரில் பிறந்தவர். அவரை வளர்த்தது அம்மாவின் அம்மா, பெயர் செஹெர். தொழுகை தவறாத, ஊரே மதிக்கும் பாட்டி. ஃபெத்தியே அங்காராவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 1970-களில் ஒருநாள் பாட்டி பேத்தியைத் தனியே உட்காரவைத்துச் சொன்னார்: என் பெயர் ஹெரானுஷ், அப்பா ஹொவான்னெஸ், அம்மா இஸ்குஹி. என் ஊர் பாலு பக்கத்தில் ஹபாப். என் சொந்தக்காரர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், அவர்களைத் தேடிக் கண்டுபிடி.

1915-இல் ஹெரானுஷுக்குப் பத்து வயது இருக்கும். அப்பா அதற்கு முன்பே அமெரிக்கா போயிருந்தார். ஊர் ஆண்களைக் கொன்றுவிட்டுப் பெண்களையும் குழந்தைகளையும் நடத்திக்கொண்டு போனார்கள். செர்மிக் என்ற ஊரில் குதிரையில் வந்த ஒரு காவல்படைக்காரன் இந்தப் பெண்ணைத் தரச்சொல்லிக் கேட்டான். தாய் விடவில்லை. குழந்தையின் பாட்டிதான் சொன்னார்: எப்படியும் எல்லோரும் சாகப் போகிறோம், இவளாவது பிழைக்கட்டும், கொடுத்துவிடு. பிடுங்கிக்கொண்டு போனான். தம்பி ஹொரெனை வேறொருவர் கொண்டுபோனார். தாய் இஸ்குஹி சாகவில்லை. அலெப்போ வரை நடந்து, பிழைத்து, கடைசியில் கணவரோடு அமெரிக்காவில் சேர்ந்தார். ஹொரெனும் பின்னால் அவர்களிடம் போய்ச் சேர்ந்தார். ஹெரானுஷ் மட்டும் போக முடியவில்லை. செஹெர் ஆகிவிட்டார், கல்யாணம் ஆகிவிட்டது, பிள்ளைகள் பிறந்துவிட்டன.

ஃபெத்தியே சொல்வதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பலகாரம். சின்ன வயதில் வருஷத்தின் ஒரு குறிப்பிட்ட சமயத்தில் பாட்டியோடு சில வீடுகளுக்குப் போவாராம். அந்த வீடுகளில் எல்லாம் அன்றைக்குப் பின்னல் போட்ட ஒரே மாதிரி இனிப்பு ரொட்டி. எல்லாமே முஸ்லிம் வீடுகள்தான். வளர்ந்து பெரியவரான பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார்: அது ஈஸ்டர். அந்தக் கிழவிகள் எல்லோரும் செஹெர் போலவே பெயர் மாற்றப்பட்டவர்கள். ஒருவரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லாமல், அடுப்படியிலேயே ஒரு பண்டிகையைக் கொண்டாடியிருக்கிறார்கள்.

2000-இல் செஹெர் இறந்தார். மசூதி முற்றத்தில் இறுதித் தொழுகை. இறந்தவரின் தாய் தந்தை பெயர் என்ன என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு சித்தி ‘அப்பா ஹுசேன், அம்மா எஸ்மா’ என்று பதிவேட்டில் உள்ள பெயர்களைச் சொன்னார். பேத்தியால் பொறுக்க முடியவில்லை. அது பொய், அவள் அம்மா எஸ்மா இல்லை இஸ்குஹி, அப்பா ஹுசேன் இல்லை ஹொவான்னெஸ் என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டார். பிறகு இஸ்தான்புல்லின் ஆர்மீனியப் பத்திரிகையான ‘அகோஸ்’-இல் பாட்டியின் உண்மைப் பெயரோடு ஓர் இரங்கல் அறிவிப்பு கொடுத்தார். அது கைமாறிக் கைமாறி அமெரிக்காவில் இருந்த உறவினர்களை எட்டியது. அங்கே பிறந்த ஒரு தங்கை இருந்தார், செஹெர் ஒருநாளும் பார்த்திராத தங்கை. பேத்தி போய்ப் பார்த்தார். இதை எல்லாம் ‘என் பாட்டி’ என்ற மெலிந்த புத்தகமாக 2004-இல் வெளியிட்டார். அது வந்த பிறகு, ‘எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டி’ என்று துருக்கியெங்கும் ஆட்கள் கிளம்பினார்கள்.

இப்போது நாவல்

ஷஃபாக்கின் கதையில் இஸ்தான்புல்லின் கஸான்ஜி வீடு முழுக்கப் பெண்கள். அந்த வீட்டு ஆண்கள் ஏனோ இளமையிலேயே இறந்துவிடுவார்கள். ஜின்களோடு பேசிக் குறி சொல்லும் பானு, சரித்திர ஆசிரியை ஜெவ்ரியே, மனநிலை தடுமாறும் ஃபெரிதே, பச்சை குத்தும் கடை வைத்திருக்கும் ஸெலிஹா என்று நாலு சகோதரிகள். ஸெலிஹாவின் மகள் ஆஸ்யா, பத்தொன்பது வயது. தகப்பன் யார் என்று தெரியாது, பெற்ற தாயையே ‘சித்தி’ என்று கூப்பிடுகிறவள். ஒரே சகோதரன் முஸ்தஃபா அமெரிக்காவில் அரிசோனாவுக்குப் போய் ரோஸ் என்ற அமெரிக்கப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, இருபது வருஷமாக ஊர்ப் பக்கமே வரவில்லை. ரோஸின் முதல் கணவர் சான் பிரான்சிஸ்கோ ஆர்மீனியர். அவர்களுடைய மகள் ஆர்மனூஷ்.

இரண்டு வீட்டுக்கு நடுவே வளரும் ஆர்மனூஷ், தன் ஆர்மீனியப் பாட்டி ஷுஷானின் ஊரைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லாமல் இஸ்தான்புல் கிளம்புகிறாள். தங்குவது மாற்றாந்தந்தையின் வீட்டில், அதாவது கஸான்ஜி வீட்டில்.

சாப்பாட்டு மேசைக் காட்சி ஒன்று இருக்கிறது. மொத்த நாவலுக்கும் சாவி அதுதான் என்பேன். 1915-இல் தன் குடும்பத்துக்கு நடந்ததை ஆர்மனூஷ் சொல்கிறாள். கேட்கிறவர்கள் மறுப்பார்கள், சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் சொல்கிறாள். அவர்களோ அழாத குறையாகக் கேட்கிறார்கள். அடப்பாவமே, இப்படியும் மனிதர்களா என்கிறார்கள். அப்புறம் சரித்திர ஆசிரியை ஜெவ்ரியே கேட்கிறாள்: இதை யார் செய்தது? கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறாள். துருக்கியர்கள் என்று பதில் வந்த பிறகும் அது அவர்களுக்குத் தங்களைப் பற்றிய பேச்சாகப் படவில்லை. எப்போதோ, யாரோ. குடியரசு போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம்.

ஆர்மனூஷ் வீட்டில் 1915 நேற்று நடந்தது மாதிரி. கஸான்ஜி வீட்டில் அது நடக்கவே இல்லாதது மாதிரி. ஒரு பக்கம் மறக்கவே முடியாதவர்கள், இன்னொரு பக்கம் நினைவே இல்லாதவர்கள். இவர்கள் எப்படிப் பேசிக்கொள்வது? நாவலின் உண்மையான கேள்வி இதுதான். ‘ரகசியம் என்ன’ என்பது அதற்கு அடுத்ததுதான்.

அந்த ரகசியத்தில் ஒரு பாதியைச் சொல்லாமல் விளக்க முடியாது. கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

ஷுஷானின் தந்தை ஏப்ரல் 24 கைதுகளில் போன எழுத்தாளர். சிறுமி ஷுஷான் நடைபயணத்தில் தொலைந்து, அநாதை இல்லத்தில் பெயர் மாறி, பிறகு ஒரு துருக்கியரைக் கல்யாணம் செய்து ஓர் ஆண்பிள்ளை பெறுகிறாள். அந்தத் துருக்கியர் கஸான்ஜி வீட்டு மூதாதை. ஒருநாள் அமெரிக்காவிலிருந்து தேடி வந்த அண்ணன் கதவைத் தட்ட, ஷுஷான் புருஷனையும் குழந்தையையும் விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். அமெரிக்காவில் புதுக் குடும்பம், அதன் பேத்தி ஆர்மனூஷ். விட்டுவிட்டுப் போன பிள்ளையின் வழியில் வந்தவள் ஆஸ்யா. தாய் விட்டுப்போன அந்தப் பிள்ளை வளர்ந்து கொடுமைக்காரத் தகப்பனாகிறான். அந்தக் கொடுமை அடுத்த தலைமுறையில் என்னவாக வெடித்தது என்பது ரகசியத்தின் மறுபாதி. அதை நான் சொல்லப்போவதில்லை.

இதையெல்லாம் கோத்து நிறுத்துவது ஒரு பண்டம்: ஆஷுரே. கோதுமை, கொண்டைக்கடலை, உலர்ந்த அத்தி, ஆப்ரிகாட், திராட்சை, பட்டை, மேலே மாதுளை முத்து, பன்னீர் என்று கையில் கிடைத்ததை எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்த பாயசம். வெள்ளம் வடிந்தபோது நோவாவின் கப்பலில் மிச்சமிருந்ததை எல்லாம் ஒன்றாகப் போட்டுச் சமைத்தது என்பது ஐதீகம். முஸ்லிம்கள் முஹர்ரம் பத்தாம் நாளில் செய்து அக்கம்பக்கம் கொடுப்பார்கள். ஏறக்குறைய இதே பண்டத்தை ஆர்மீனியர்கள் அனுஷாபூர் என்ற பெயரில் புத்தாண்டுக்கும் கிறிஸ்துமஸுக்கும் செய்கிறார்கள். நாவலின் அத்தியாயங்களுக்குப் பெயர் எல்லாம் பட்டை, கொண்டைக்கடலை, சர்க்கரை என்று இந்தப் பொருள்கள்தான். கடைசி அத்தியாயத்தின் பெயர் மட்டும் எந்தச் சமையலறையிலும் இருக்கக் கூடாத ஒன்று.

கதாபாத்திரத்தின் மேல் வழக்கு

நாவல் வெளிவந்த சில மாதங்களில் ஷஃபாக் மீது துருக்கிக் குற்றவியல் சட்டத்தின் 301-ஆம் பிரிவில் வழக்கு. ‘துருக்கியத் தன்மையை இழிவுபடுத்தியது’ குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. இழிவுபடுத்தியதாகக் காட்டப்பட்ட வரிகள் அவர் பேட்டியில் சொன்னவை அல்ல. நாவலில் வரும் ஆர்மீனியக் கதாபாத்திரங்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசுபவை. இனப்படுகொலையில் தப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் இனப்படுகொலை என்ற சொல்லைச் சொல்லாமல் வேறு எப்படிப் பேசுவார்கள்? 2006 செப்டம்பர் 21-ஆம் தேதி நீதிமன்றம் விடுதலை செய்தது. ஷஃபாக் வரவில்லை, சில நாட்களுக்கு முன்தான் அவருக்குப் பெண்குழந்தை பிறந்திருந்தது.

எல்லோருக்கும் அப்படி முடியவில்லை. ‘அகோஸ்’ பத்திரிகையின் ஆசிரியர் ஹ்ரான்ட் டிங்க் 2005-இல் இதே 301-இல் குற்றவாளி எனத் தீர்ப்பானவர். ஒரு வருஷம் முன்பு, 2004 பிப்ரவரியில், அவர் பத்திரிகை ஒரு செய்தி போட்டிருந்தது: குடியரசை நிறுவிய அதாதுர்க்கின் வளர்ப்பு மகளும் துருக்கியின் முதல் பெண் போர்விமானியுமான சபிஹா கோக்சென் ஓர் ஆர்மீனிய அநாதைக் குழந்தை என்று அவருடைய உறவினர் எனச் சொல்லிக்கொண்ட ஒரு பெண் கூறியிருந்தார். அந்தக் கூற்று இன்றும் சர்ச்சைக்குரியது. ஆனால் இஸ்தான்புல்லின் இரண்டாவது விமான நிலையத்துக்கே பெயராகிவிட்ட ஒரு தேசியச் சின்னத்தை அந்தப் ‘பாட்டி’ப் பட்டியலில் சேர்த்தது தாங்க முடியாததாகிவிட்டது, ராணுவத் தலைமையே கண்டித்து அறிக்கை விட்டது. 2007 ஜனவரி 19-ஆம் தேதி டிங்க் தன் அலுவலக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இறுதி ஊர்வலத்தில் பெரும் கூட்டம், ‘நாங்கள் எல்லோரும் ஆர்மீனியர்’ என்ற பதாகைகளோடு. டிங்கின் வழக்கறிஞர் வேறு யாரும் இல்லை, ஃபெத்தியே செத்தின்தான்.

301 இன்னும் இருக்கிறது. 2008-இல் அதைக் கொஞ்சம் திருத்தினார்கள்: அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு, வழக்குத் தொடர நீதி அமைச்சரின் அனுமதி வேண்டும்.

குறை சொல்ல வேண்டுமென்றால்

ஷஃபாக்கின் நாவலில் தற்செயல்கள் அதிகம். பிரிந்துபோன வம்சத்தின் இரண்டு நுனிகள், ரோஸ் என்ற சம்பந்தமில்லாத அமெரிக்கப் பெண் வழியாக மறுபடி ஒரே வீட்டுக்கு வருவது வாசிக்கும்போதே நெருடும். ரகசியத்தில் பாதியை ஜின் வந்து சொல்வதும் எல்லோருக்கும் ஒத்துவராது. எனக்கு அது பரவாயில்லை. ஆவணமும் இல்லை, சாட்சியும் இல்லை, பதிவேட்டில் பொய்ப் பெயர் என்றால் ஜின்னைத்தானே கேட்க வேண்டும்!

இதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. பாட்டிக் கதைகள் மனதைத் தொடுகின்றன. தொடுவதாலேயே ஓர் ஆபத்து. ‘பாருங்கள், நமக்குள் ரத்தமே கலந்திருக்கிறது, ஒரே பாயசம்தான் குடிக்கிறோம், இனி சண்டை எதற்கு’ என்று முடித்துவிடுவது சுலபம். அந்த ரத்தம் எப்படிக் கலந்தது என்பது அங்கே நழுவிப்போகும். தோல்மா, பஸ்துர்மா போன்ற உணவுகள் பக்கத்து வீட்டுப் பழக்கத்தில் பகிர்ந்தவை; ஹெரானுஷை அப்படிப் பகிர்ந்துகொள்ளவில்லை, தாய் கையிலிருந்து பறித்தார்கள். பொதுப் பாரம்பரியம் என்று ஒரே பெயரில் இரண்டையும் போட்டுவிடக் கூடாது. நல்ல நாவல் இந்த இரண்டையும் அருகருகே வைத்து வாசகரைச் சங்கடப்படுத்தும். ஷஃபாக் சில இடங்களில் அதைச் செய்கிறார், சில இடங்களில் பாயசத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்.

பேரப்பிள்ளைகளுக்கும் விஷயம் அத்தனை எளிதில்லை. பாட்டி ஆர்மீனியர் என்று தெரிந்த பிறகு என்ன செய்வது? பெரும்பாலோர் முஸ்லிமாகவே, துருக்கியராகவோ குர்தாகவோ இருந்துகொண்டு, தெரிந்ததை மனதில் வைத்துக்கொள்கிறார்கள். சிலர் மொழி கற்கிறார்கள். தியார்பகிர் நகரின் சூர்ப் கிராகோஸ் தேவாலயம் 2011-இல் புதுப்பிக்கப்பட்டபோது அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்கள் உண்டு. அந்தத் தேவாலயம் 2015–16 மோதல்களில் சேதமடைந்து, 2022-இல் மறுபடி திறந்தது. திரும்பி வருகிறவர்களை ஆர்மீனிய சமூகம் கையை விரித்து வரவேற்கிறது என்றும் சொல்ல முடியாது. மதம் மாறியவர்கள் போனவர்கள்தான் என்று நினைக்கும் பெரியவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

எதில் தொடங்கலாம்?

என்னைக் கேட்டால் நாவலில் தொடங்க வேண்டாம். ஃபெத்தியே செத்தினின் புத்தகத்தை முதலில் வாசியுங்கள். மவ்ரீன் ஃப்ரீலியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2008-இல் வந்தது. ஓரிரு மாலைகளில் முடித்துவிடலாம். அலங்காரமே இல்லாத எழுத்து. அதற்குப் பிறகு ஷஃபாக்கிடம் போனால், ஜின்னும் தற்செயலும் கண்ணை மறைக்காது. எது நடந்தது, எது கற்பனை என்று உங்களுக்கே பிடிபடும். கஸான்ஜி வீட்டில் உறவுமுறை குழப்பும். முதல் அத்தியாயத்திலிருந்தே ஒரு தாளில் வம்சாவளி வரைந்துகொண்டே வாசிப்பது நல்லது.

அதன் பிறகும் ஆர்வம் இருந்தால், செத்தினும் மானுடவியலாளர் ஆய்ஷே குல் அல்தினாயும் சேர்ந்து 2009-இல் தொகுத்த ‘பேரப்பிள்ளைகள்’ என்ற புத்தகம் இருக்கிறது. இப்படிப்பட்ட பாட்டி தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதையைத் தாங்களே சொல்லும் பேட்டிகள், ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. கதை சொன்னவர்களில் பலர், சொந்தப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான் பேசியிருக்கிறார்கள்.